‘தொழில் இல்லை’ என்று சொல்லாதீர்கள்



வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் குறிப்பிடவில்லை. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளுடன் ஒரு சிறிய அனெக்ஸில் இருந்துகொண்டு, இடியப்பம் அவித்து நான்கு கடைகளுக்குக் கொடுத்துச் சீவித்து வந்தார். ஐந்து மாதங்களுக்கு முன்னர் காலி வீதியைக் கடக்கும்போது ஒரு வேன் மோதி, அவருடைய வலது கை மணிக்கட்டு முறிந்துவிட்டது. மூன்று மாதம் இடியப்ப உரலைப் பிடிக்கவே முடியவில்லை. இப்போதும் பாதி வேலைதான் செய்ய முடிகிறது. வேன்காரர் வைத்தியசாலைக்கு வந்து 15,000 ரூபா கொடுத்து, மிகுதியைக் காப்புறுதிக் கம்பனியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார். கம்பனியில் இவருக்குக் கிடைத்த பதில் இதுதான்: “வைத்தியசாலைத் துண்டிலும் பொலிஸ் வாக்குமூலத்திலும் தொழில் இல்லை என்று எழுதியிருக்கிறது. தொழில் இல்லாதவருக்கு வருமான இழப்பு எப்படி வரும்?”

“விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி நான் செய்தது தொழில் இல்லையா அக்கா?” என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

தொழில்தான் சகோதரி. ஆனால் அதை நாம் சொல்வதில்லை. இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஏன் அப்படிச் சொல்கிறோம்?

படிவம் நிரப்புவதற்கு உதவியாகப் பல பெண்களுக்குப் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன். ‘தொழில்’ என்ற இடம் வந்ததும் “சும்மா வீட்டில்தான் இருக்கிறன்” என்பார்கள். அப்படிச் சொல்பவரின் வீட்டில் தையல் மெஷின் இருக்கும். மிளகாய்த்தூள் பைக்கற் அடுக்கியிருக்கும். பின்னேரம் பத்துப் பிள்ளைகள் ரியூசனுக்கு வந்து போகும். மாதச் சம்பளம் எடுப்பதுதான் தொழில் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது.

பயமும் ஒரு காரணம். வீட்டுக்காரர் அறிந்தால் வாடகையைக் கூட்டுவார் என்ற பயம். முன்னர் சமுர்த்தி, 2023 முதல் அஸ்வெசும, அந்த உதவி வெட்டுப்பட்டுவிடும் என்ற பயம். வரி வரும் என்ற பயம். இவற்றில் வரியைப் பற்றிய பயம் அநேகமாக வீண். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான தனிநபர் வருமானத்துக்கு வருமான வரி இல்லை. உதவித் திட்டங்களைப் பொறுத்தவரை, ஓரிடத்தில் ஒரு கணக்கும் இன்னோரிடத்தில் வேறு கணக்கும் சொன்னால் இரண்டு இடத்திலும் நம்மை நம்பமாட்டார்கள். உள்ள சிறு வருமானத்தை எல்லா இடத்திலும் உள்ளபடி சொல்வதே நமக்குப் பாதுகாப்பு.

சட்டம் நமக்கு என்ன வழி வைத்திருக்கிறது?

ஒரு முதலாளியின் கீழ் வேலை செய்பவர் வேலையின்போது காயப்பட்டால், 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நாமே முதலாளியும் நாமே வேலையாளுமாக இருக்கும்போது அந்தச் சட்டம் உதவாது. நம்முடைய வழி வேறு. கவனக்குறைவாக வாகனம் ஓட்டி நமக்கு நட்டம் உண்டாக்கியவரிடம் அந்த நட்டத்தைக் கேட்கும் வழி அது. ஒல்லாந்தர் காலத்தில் இங்கே வந்து இன்றும் நடைமுறையில் உள்ள உரோம-டச்சுச் சட்டம் தரும் உரிமை இது. வைத்தியச் செலவு, உழைப்பு இழப்பு, இனி வரும் காலத்தில் குறையப்போகும் உழைப்பு, வேதனை ஆகிய எல்லாவற்றையும் இதன் கீழ் கேட்கலாம்.

வேன்காரரிடம் பணம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அந்தக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் வீதியில் ஓட முடியாது. வீதியில் அடிபடும் நம்மைப் போன்றவர்களுக்காகவே அது கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே கம்பனியிடம் கேட்பதைப் பிச்சையாக நினைக்க வேண்டாம்.

மூன்று விடயங்களை மனதில் வைத்திருங்கள்.

ஒன்று, பொலிஸார் சாரதிக்கு எதிராகத் தொடுக்கும் வழக்கு வேறு, நம்முடைய நட்டஈட்டு வழக்கு வேறு. சாரதி கட்டும் தண்டப்பணம் அரசுக்குப் போகிறது. நீதவான் சில வேளைகளில் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் கட்டளையிடலாம். ஆனால் நம்முடைய முழு இழப்பையும் கேட்கும் இடம் மாவட்ட நீதிமன்றம்.

இரண்டு, காலம். இப்படியான நட்டத்துக்கு விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தாக்கல் செய்துவிட வேண்டும். 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கம்பனியோடு கடிதம் எழுதிக்கொண்டும் தொலைபேசியில் பேசிக்கொண்டும் இருப்பதால் அந்தக் காலம் நின்றுவிடாது. வழக்குப் போடும்போது காப்புறுதிக் கம்பனிக்கும் முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதற்குரிய கால எல்லை மிகக் குறுகியது. சட்டத்தரணியைச் சந்திக்கும் முதல் நாளிலேயே இதைக் கேளுங்கள்.

மூன்று, “நீங்களும் பார்க்காமல்தானே கடந்தீர்கள்” என்று சொல்லி வாயை அடைப்பார்கள். நம்மில் ஒரு பங்கு பிழை இருந்தாலும் முழு நட்டஈடும் போய்விடாது. 1968 இல் வந்த சட்டத்தின்படி, நம்முடைய பிழையின் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும். அவ்வளவுதான்.

ஒரு மரக்கறி வியாபாரியின் வழக்கு

சம்பளத் துண்டு இல்லாதவர் வருமானத்தைக் காட்ட முடியுமா? இந்தியாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2008 பெப்ரவரியில் கர்நாடக மாநிலத்தில் 24 வயதான மரக்கறி வியாபாரி ஒருவர் வீதி விபத்தில் வலது காலை இழந்தார். மாதம் 10,000 ரூபா உழைத்ததாகச் சொன்னார். கையில் எந்தப் பத்திரமும் இல்லை. கீழ் நிலையில் அவருடைய வருமானத்தை மிகவும் குறைத்துக் கணித்தார்கள். ஒரு இடத்தில் இருந்தபடியே மரக்கறி விற்கலாம்தானே என்று சொல்லி, உயர் நீதிமன்றம் இயலாமையை 65 வீதம் என்று வைத்தது.

வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய் 2014 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. சொந்தமாகச் சிறு வியாபாரம் செய்பவரிடம் வருமானத்துக்குப் பத்திரம் எதிர்பார்க்க முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். மொத்தச் சந்தைக்குப் போய் வாங்கி வந்து சில்லறையாக விற்பதுதான் மரக்கறி வியாபாரம், அதற்கு நடமாட்டம் வேண்டும் என்றும் சொன்னார்கள். இயலாமையை 85 வீதமாக உயர்த்தினார்கள். வருமானத்தை மாதம் 6,500 ரூபா என்று ஏற்றார்கள். அவர் கேட்ட பத்தாயிரம் கிடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பத்திரம் இல்லாததால் உரிமை போகவில்லை. ஆனால் தொகையை நீதிமன்றம் தானே மதிப்பிட வேண்டியதாயிற்று. அவரிடம் ஒரு கணக்குக் கொப்பி இருந்திருந்தால் அவர் சொன்ன தொகைக்குப் பலம் கூடியிருக்கும்.

அதே நீதிமன்றம் 2010 இல் இன்னொரு வழக்கில் ஒரு நல்ல விளக்கம் கொடுத்தது. ஒருவருடைய இடது கை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் தச்சுத் தொழிலாளியாகவோ சாரதியாகவோ இருந்தால் உழைப்பு முழுவதுமே போய்விடக்கூடும். அவரே அரசாங்க எழுதுவினைஞராக இருந்தால் வேலை போகாமலும் இருக்கலாம். காயம் ஒன்றுதான், ஆனால் தொழிலைப் பொறுத்து இழப்பு மாறும். அதனால்தான் ‘தொழில்’ என்ற இடத்தை வெறுமையாக விடக் கூடாது என்கிறேன். மணிக்கட்டு முறிவு என்று மட்டும் எழுதினால் அது சிறு காயம். இடியப்பம் பிழிபவரின் வலது மணிக்கட்டு என்று எழுதினால் அது ஒரு குடும்பத்தின் சாப்பாடு.

வீட்டு வேலைக்கும் பெறுமதி உண்டு என்பதை அந்த நீதிமன்றம் 2001 இலேயே ஏற்று, இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் 3,000 ரூபா என்று கணித்தது. 2021 ஜனவரியில் வந்த ஒரு தீர்ப்பும் அதை மீண்டும் வலியுறுத்தியது. இந்தத் தீர்ப்புகள் நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இப்படியும் கணிக்கலாம் என்று நமது சட்டத்தரணி எடுத்துக்காட்டலாம்.

கணக்கைப் போடுவது எப்படி?

நான் கொட்டாஞ்சேனையில் நீண்ட காலமாகத் தையல் தொழில் செய்பவள். என்னிடம் ஒரு அளவுப் புத்தகம் இருக்கிறது. திகதி, ஆளின் பெயர், அளவு, கூலி, முற்பணம், மிகுதி எல்லாம் அதில் இருக்கும். சட்டை மாறிப்போகாமல் இருக்கவே அதை எழுதத் தொடங்கினேன். ஆனால் நாளுக்கு நாள் தொடர்ந்து எழுதப்பட்ட அப்படியொரு கொப்பி ஒரு நல்ல சாட்சி. விபத்துக்குப் பிறகு ஒரே பேனையால் ஒரே இரவில் எழுதிய கொப்பியைப் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள்.

உழைப்பு இழப்பு என்பது விற்ற முழுக் காசு அல்ல, செலவு போகக் கையில் மிஞ்சியது. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளுக்கு 400 இடியப்பம், ஒன்று 12 ரூபாவாகக் கடைக்குக் கொடுத்தால் 4,800 ரூபா வரும். மா, எரிவாயு, பை, ஆட்டோக் கூலி எல்லாம் 3,000 ரூபா என்றால் மிஞ்சுவது 1,800 ரூபா. மாதத்தில் 26 நாள் வேலை என்றால் 46,800 ரூபா. மூன்று மாதம் முழுவதும் வேலை இல்லை என்றால் இழப்பு 1,40,400 ரூபா. அடுத்த இரண்டு மாதம் பாதி வேலை என்றால் இன்னும் 46,800 ரூபா. மொத்தம் 1,87,200 ரூபா. வைத்தியசாலைக் கட்டிலில் வைத்துக் கொடுக்கப்படும் 15,000 ரூபாவை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை வேறும் உண்டு. வேலை நின்றதும் தானாக நின்றுபோன செலவை மட்டும் கழியுங்கள். மா வாங்கவில்லை, அதைக் கழிக்கலாம். சமையலுக்கென்று எடுத்த அறைக்கு வாடகை தொடர்ந்து போனால் அதைக் கழிக்க வேண்டியதில்லை. வாடிக்கை விட்டுப்போகாமல் இருக்க ஒரு பிள்ளையைக் கூலிக்கு வைத்திருந்தால், அந்தக் கூலியும் உங்கள் இழப்புத்தான். துண்டு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தீபாவளிக்கு முன்னரோ கல்யாண மாதத்திலோ அடிபட்டிருந்தால், போன வருடம் அதே மாதங்களில் எவ்வளவு உழைத்தீர்கள் என்று காட்டுங்கள். மெதுவான மாதக் கணக்கை வைத்து அந்த மாதத்தை அளக்க விடாதீர்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம். ஒரு இடத்தில் பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளும் அதோடு போய்விடும்.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

விபத்தை ஒட்டியவை: வாகன இலக்கம், சாரதியின் பெயர், காப்புறுதிக் கம்பனியின் பெயர், காப்புறுதி இலக்கம், பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கமும் பிரதியும், பார்த்தவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும்.

காயத்தை ஒட்டியவை: வெள்ளவத்தைப் பக்கத்தில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் களுபோவில வைத்தியசாலைக்கும், கொட்டாஞ்சேனைப் பக்கத்தவர்கள் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்கும் போவார்கள். எங்கே போனாலும் வீடு திரும்பும்போது தரும் டயக்னோசிஸ் காட்டைத் தொலைக்காதீர்கள். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மருந்துத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். பொலிஸார் தரும் படிவத்துடன் சட்ட வைத்திய அதிகாரியிடம் பரிசோதனை நடக்கும். அவரிடம் உங்கள் தொழிலைச் சொல்லி, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள். எத்தனை நாள் வேலை செய்யக் கூடாது என்று வைத்தியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உழைப்பை ஒட்டியவை: கணக்குக் கொப்பி, மா வாங்கிய பில், வங்கிப் புத்தகம், சீட்டுக் கட்டிய கணக்கு, கடைக்காரரின் கடிதம், கிராம அலுவலரின் அத்தாட்சி. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. தொலைபேசியில் வரும் ஓடர் செய்திகளையும் அழிக்காதீர்கள்.

பொலிஸ் நிலையம் போவதற்கு

நம்மில் பலருக்குப் பொலிஸ் நிலையம் என்றாலே நெஞ்சு படபடக்கும். அதில் ஆச்சரியமில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களில் விடுதிகளில் இருந்த தமிழரை பஸ்களில் ஏற்றி அனுப்பியது இன்னும் நினைவில் இருக்கிறது. மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்துக் கட்டளை பிறப்பித்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இந்தக் கொழும்பில் நடந்தவைதான்.

விபத்து முறைப்பாட்டில் நாம் குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்டவர். தமிழ் அரசகரும மொழி. தமிழில் முறைப்பாடு செய்ய நமக்கு உரிமை உண்டு. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள். தனியே போகப் பயமென்றால் இரு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ‘தொழில்’ என்று கேட்டால், “இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன், சுயதொழில்” என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அங்கேயே “சமாதானமாகப் போகலாம்” என்று ஒரு கடதாசியை நீட்டுவார்கள். மருந்துச் செலவுக்குக் காசு தந்தால் வாங்கலாம். ஆனால் துண்டில் “வைத்தியச் செலவுக்காக மட்டும் பெற்றேன்” என்று எழுதுங்கள். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை”, “முழுமையான இறுதித் தீர்வு” என்ற வார்த்தைகள் இருந்தால் அன்று கையெழுத்து வைக்க வேண்டாம். கை பழைய நிலைக்கு வருமா என்று வைத்தியருக்கே தெரியாத நாளில், அந்தக் கைக்கு நாம் விலை பேசக் கூடாது.

வெள்ளவத்தைச் சகோதரிக்கு

உங்கள் காலம் இன்னும் போகவில்லை. ஐந்து மாதம்தான் ஆகிறது. ‘தொழில் இல்லை’ என்று எழுதப்பட்டது ஒரு தடை, ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. நான்கு கடைக்காரரிடமும் போய், எந்த மாதத்திலிருந்து, நாளுக்கு எத்தனை இடியப்பம், என்ன விலைக்கு எடுத்தார்கள், எந்தத் திகதியிலிருந்து நின்றது என்று கடிதம் வாங்குங்கள். கடைகளில் கணக்குப் புத்தகம் இருக்கும். உங்கள் பெயர் உள்ள பக்கங்களைப் பிரதி எடுங்கள். மா வாங்கும் கடையிலும் கேளுங்கள். பிறகு சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று முடியுங்கள். வீட்டில் இருந்து செய்யும் வேலையைத் தொழிலாக நினைக்காததால் அப்படிச் சொன்னேன் என்ற உண்மையை அதில் எழுதுங்கள். கை வலி இன்னும் இருப்பதால் கிளினிக்கை விடாதீர்கள். எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தலைமை அலுவலகம் புதுக்கடையில் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவதே அதன் வேலை. சிறு தொகைப் பிணக்கு என்றால் மத்தியஸ்த சபை வழியும் உண்டு. மோதிய வாகனம் எதுவென்றே தெரியாமல் ஓடிப்போயிருந்தால், வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் பொலிஸ் முறைப்பாடு வேண்டும்.

சகோதரிகளே, இடம்பெயர்வில் உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நமக்குப் பத்திரத்தின் அருமை தெரியும். இன்றிரவே ஒரு எண்பது பக்கக் கொப்பி எடுங்கள். திகதி, வரவு, செலவு, மிச்சம் என்று நான்கு கோடு போடுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதி, அதற்குக் கீழே உங்கள் தொழிலையும் எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.